காது எட்டினால் ஐந்து வயது

1

ஐரோப்பிய நாடுகளெல்லாம் கூடி உட்கார்ந்து ஒரு முடிவெடுத்திருக்கின்றன. மனிதன் தொட்டிலிலிருந்து கல்லறை வரை படித்துக்கொண்டே இருக்க வேண்டும். வேலையில் இருப்பவன், வேலை போனவன், பிள்ளை பெற்றவள், பேரன் எடுத்தவன், யாருக்கும் விலக்கில்லை. இதை நான் கேள்விப்பட்டு எழுதவில்லை. நாற்பத்து மூன்று பக்கப் புத்தகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இத்தாலிய மொழியில் உள்ள அதை அகராதியோடு படித்து முடிக்கப் பத்தொன்பது நாள் ஆயிற்று. அறுநூற்றுப் பன்னிரண்டு சொற்களுக்கு அகராதியைப் புரட்டினேன். இரண்டு இடங்களில் உட்கார முடியாமல் எழுந்து அறைக்குள் நடந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

ஆம்பூரில் இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். நம் பக்கத்தில் "படிச்சு முடிச்சிட்டான்" என்று சொல்வது வழக்கம். படித்து முடித்தவனுக்கு வேலை, வேலை கிடைத்தவனுக்குப் பெண், அதோடு புத்தகத்தைப் பரணில் ஏற்றிவிடுவோம். இங்கேயோ யாரும் படித்து முடிக்கவில்லை என்று அரசாங்கமே அச்சடித்துக் கொடுக்கிறது.

என்னைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் இருபத்து நான்கு ஆண்டுகள் தோலைத் தரம் பிரித்தவன் நான். கட்டை விரலால் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இது முதல் தரம், இது நான்காம் தரம் என்று அடுக்குகிற வேலை. இயந்திரம் பொருத்த வந்த இத்தாலியர் ஒருவர் என் விரலைப் பார்த்துவிட்டு, எங்கள் ஊருக்கு வருகிறாயா என்று கேட்டார். 1994 மார்ச்சில் வந்தேன். வட இத்தாலியில் இதுவும் ஒரு தோல் ஊர்தான். மழை பெய்தால் காற்றில் வருகிற வாடை கூட அதேதான். வந்து பதினான்கு ஆண்டு, ஆறு மாதம். இந்த ஜூன் மாதம், தாளில் அறுபத்தைந்து வயது ஆனதால் ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

வேலூரில் படித்து வாங்கிய வேதியியல் பட்டம் எனக்கு உண்டு. அதை மொழிபெயர்த்து, முத்திரை வாங்கி, இங்கே ஐந்து முறை அனுப்பினேன். இரண்டு முறை பதில் வந்தது. இரண்டிலும், இன்னொரு தாள் வேண்டும் என்றுதான் இருந்தது. அதனால் தொழிற்சாலைக் கோப்பில் "படிப்பு" என்ற கட்டத்தில் பதினான்கு ஆண்டும் ஒரு கோடுதான் போட்டிருந்தது. அந்தக் கோடு என்னைத் தூங்கவிடாது. ஆகவே போன ஆண்டு பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் சேர்ந்தேன். முதல் ஆண்டு மொழி. இரண்டாம் ஆண்டு முடிவில் தேர்வு எழுதினால் நம் எட்டாம் வகுப்புக்குச் சமமான சான்றிதழ். பி.எஸ்சி. படித்தவன் எட்டாம் வகுப்புக்கு உட்கார்ந்தான் என்று தம்பி சாலமோன் ஆம்பூர் முழுக்கச் சொல்லியிருப்பான். உண்மைதான். எழுபத்து நான்கு நாள் வகுப்பில் எழுபத்தோரு நாள் போனேன். மூன்று நாள் காய்ச்சல்.

2

வகுப்பு நடப்பது சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில். என் வீட்டிலிருந்து ஐந்நூற்று நாற்பது காலடி. வாரத்தில் மூன்று நாள், மாலை ஐந்து மணிக்கு, ஆறு வயதுப் பிள்ளை உட்காரும் நாற்காலியில் முழங்கால் மோவாயைத் தொட உட்காருவோம். ஆசிரியை லுச்சியாவுக்கு என் மகன் வயதுதான் இருக்கும். வருகைப் பதிவில் என் பெயர் வந்ததும் "சாமுவேல்" என்று அழகாகக் கூப்பிடுவாள். நான் அறுபது ஆண்டுக்கு முன் சொன்னது போலவே எழுந்து நின்று "உள்ளேன்" என்பேன். எழுந்திருக்க வேண்டாம் என்று போன ஆண்டு முழுவதும் சொல்லிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

என் பக்கத்து நாற்காலி குவாமேயுடையது. கானா நாட்டுக்காரன், நாற்பத்தொரு வயது, தோல் கிடங்கில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறான். இந்தச் சான்றிதழ் இருந்தால் ஷிப்டு மேற்பார்வை வேலை தருவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். அதற்காகப் பகல் ஷிப்டு முடிந்ததும் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடி வருவான். அந்த வாடைக்கு மற்றவர்கள் நாற்காலியை நகர்த்துவார்கள். எனக்கு அது ஆம்பூர் வாடை. நான் நகர்த்தியதில்லை. எங்கள் சிநேகம் அப்படித்தான் தொடங்கியது.

நான் சொன்ன புத்தகத்தில் ஆறு செய்திகள் இருக்கின்றன. எல்லோருக்கும் அடிப்படைத் திறன், மனிதர் மேல் கூடுதல் செலவு, கற்பிப்பதில் புதுமுறை, பள்ளிக்கு வெளியே கற்றதையும் மதிப்பது, எங்கே என்ன படிக்கலாம் என்று வழிகாட்டுவது, ஆறாவது, படிப்பை வீட்டுக்கு அருகே கொண்டு வருவது. நான்காவது செய்தியைப் படித்தபோதுதான் முதல் தடவை எழுந்து நடந்தேன். என் கட்டை விரலுக்கும் ஐரோப்பாவில் மரியாதை வரப் போகிறது என்று பட்டது. கடைசிப் பக்கங்களில் ஓர் இலக்கும் இருந்தது. 2010க்குள், இருபத்தைந்து முதல் அறுபத்து நான்கு வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டரைப் பேர் ஏதாவது ஒன்றைப் படித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த அரை ஆள் யார் என்று குவாமேயிடம் கேட்டேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"பாதி பென்ஷன், பாதி மாணவன். நீதான் அது, பாப்பா."

பாப்பா என்றால் இங்கே அப்பா. வயதானவர்களை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். இரண்டு பேரும் லுச்சியா அதட்டும் வரை சிரித்தோம்.

செப்டம்பர் முதல் வாரம் அந்தச் சிரிப்பு நின்றது. வகுப்புக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஐரோப்பியத் திட்டப் பணத்தில் நடக்கும் வகுப்பு என்பதால், திட்டத்தின் வயதுக்குள் குறைந்தது பதினைந்து பேர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த ஊர் வகுப்பு பெரிய ஊர் வகுப்போடு சேர்க்கப்படும். பதிவு செய்ய இம்மாதம் பத்தொன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை கடைசி. பெரிய ஊர் பதினெட்டுக் கிலோமீட்டர். ஆறரை மணிக்குப் பிறகு அங்கிருந்து திரும்பப் பஸ் இல்லை. ஆறாவது செய்தியை எழுதியவர்கள் இந்தத் தாளைப் பார்க்க வேண்டும்.

நான் தலைகளை எண்ணினேன். பதினைந்து. நிம்மதியாக மூச்சு விட்டேன். லுச்சியா மெதுவாக என் தோளைத் தொட்டு, உங்களைச் சேர்க்காமல் எண்ணுங்கள் என்றாள். வகுப்பு நடந்தால் நான் வந்து உட்காரலாம், தேர்வும் எழுதலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் அறுபத்தைந்து ஆகிவிட்டதால் கணக்கில் மட்டும் வர மாட்டேன்.

வாழ்நாள் முழுக்க எண்ணியவன். எண்ணிக்கையில் இல்லாமல் போனது அன்றுதான்.

3

இங்கேதான் நான் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு அறுபத்தைந்து ஆகவில்லை.

1948 ஜூன் மாதம் அப்பா என்னை ஆம்பூர் ஆரம்பப் பள்ளிக்கு அழைத்துப் போனார். பெரியப்பா மகன் ஜேக்கபைச் சேர்க்கத்தான் போனோம். அவனுக்கு ஐந்து முடிந்திருந்தது. அந்தக் காலத்தில் பிறந்த தேதியை யார் கேட்டார்கள்? வலக் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடக் காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது, சேர்த்துக்கொள்வார்கள். தொடாவிட்டால் அடுத்த வருஷம். ஜேக்கப் தொட்டான். தலைமை ஆசிரியர் என்னையும் விளையாட்டாகத் தொடச் சொன்னார். நாலே கால் வயது எனக்கு. கை நீளம்தான், ஆனாலும் எட்டவில்லை. ஜேக்கப் என் பின்னால் நின்று, தலையச் சாய்டா என்று முணுமுணுத்தான். சாய்த்தேன். காது விரலுக்கு வந்துவிட்டது. தலைமை ஆசிரியர் சிரித்துக்கொண்டே இருவரையும் ஒரே நாளில் சேர்த்து, இருவருக்கும் ஒரே பிறந்த தேதி எழுதினார்: 1943 ஜூன் 1. ஆம்பூரிலும் வேலூரிலும் என் வயதுக்காரர்கள் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தது இப்படித்தான்.

அந்தத் தேதி பள்ளிச் சான்றிதழில் ஏறியது. அங்கிருந்து பட்டத்துக்கு, பட்டத்திலிருந்து பாஸ்போர்ட்டுக்கு, பாஸ்போர்ட்டிலிருந்து இத்தாலிக்கு. ஆனால் சபை ஞானஸ்நானப் பதிவேட்டில் நான் பிறந்தது 1944 மார்ச் 21. கணக்குப்படி அறுபத்து நான்கு வயது, ஆறு மாதம். ஐரோப்பாவின் இலக்குக்குள் இன்னும் ஆறு மாதம் எனக்கு இடம் இருக்கிறது!

அன்றே தம்பிக்குப் போன் போட்டேன். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன், இன்னும் எல்லோரையும் மேற்பார்வை பார்க்கிற குரல் அவனுக்கு. ஞானஸ்நானப் பதிவின் நகலை எடுத்து ஃபேக்ஸ் அனுப்பச் சொன்னேன்.

"இன்னாண்ணா உனக்குப் பேஜாரு? பென்ஷன் வந்துச்சில்ல, சொம்மா குந்திகினு இரேன்" என்றான்.

வகுப்பு மூடிவிடுவார்கள் என்றேன். மூடினால் மூடட்டும், எட்டாங்கிளாஸில் நீ பெயில் ஆகும் பேச்சாவது இல்லாமல் போகும் என்றான். ஆனாலும் போனான். கோயில் அலுவலகத்தில் இரண்டு நாள் காத்திருந்து, கரையான் அரித்த பதிவேட்டிலிருந்து எழுதி வாங்கி, பஜார் தெருவில் ஒரு கடையிலிருந்து அனுப்பினான். அடியில் அவன் கையெழுத்தில் ஒரு வரி: "அண்ணா, பெயரில் எழுத்துப் பிழை உள்ளது, வயதில் இல்லை." அந்தத் தாளை நான் பதினோரு தடவை வாசித்தேன்.

4

செப்டம்பர் ஒன்பதாம் தேதி காலையில் குடியிருப்போர் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். எண் சீட்டு முப்பத்தேழு. முன்னால் பத்தொன்பது பேர். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்மணி நல்லவர். என் ஃபேக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தமிழ் எழுத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். நான் சொல்லவில்லை. பிறந்த தேதி எப்படித் தவறாகப் பதிவாயிற்று என்று கேட்டார்.

அதை இத்தாலிய மொழியில் விளக்கும் அளவுக்கு எனக்கு இலக்கணம் வராது. எழுந்து நின்று வலக் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடக் காதைத் தொட்டுக் காட்டினேன். தலையையும் சாய்த்துக் காட்டினேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, தானும் தொட்டுப் பார்த்தார். பக்கத்துக் கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டார். அவரும் தொட்டார். வரிசையில் ஒரு கிழவரும் தொட்டுப் பார்த்து, தானும் பள்ளிக்கூடம் சேரலாம் என்றார். ஓர் அரசாங்க அலுவலகத்தில் நாலு பேர் ஒரே நேரத்தில் காதைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன்.

பிறகு அவர் உட்கார்ந்து பொறுமையாக எழுதிக் காட்டினார். வயதை மாற்ற முதலில் பாஸ்போர்ட் மாற வேண்டும். அதற்குத் தூதரகம். பிறகு தங்கும் அனுமதி. இங்கே வரி எண்ணுக்குள்ளேயே பிறந்த தேதி ஒளிந்திருக்கிறது, ஆகவே அந்த எண்ணும் மாறும். எண் மாறினால் மருத்துவ அட்டை, வீட்டு ஒப்பந்தம், வங்கி, ஓய்வூதியம் எல்லாம் மாறும். நான் எண்ணினேன். பதினான்கு தாள்கள். குறைந்தது இரண்டு வருஷம். அதற்குள் உண்மையிலேயே எனக்கு அறுபத்தாறு முடிந்திருக்கும்.

"ஐயா, உங்கள் ஊரில் நீங்கள் எப்போது வேண்டுமானாலும் பிறந்திருக்கலாம்" என்றார் அந்தப் பெண்மணி. "இத்தாலியில் நீங்கள் பிறந்தது ஜூன் ஒன்றாம் தேதிதான்."

வெளியே வந்தேன். கோபமே வரவில்லை. ஜேக்கப் என்ற அண்ணன் என் காதருகில் முணுமுணுத்த ஒரு சொல் அறுபது ஆண்டு கழித்து, கடல் தாண்டி, பதினான்கு தாள்களில் உட்கார்ந்திருக்கிறது. அதை நினைத்து நடைபாதையில் தனியாகச் சிரித்தேன். ஆனால் கடைசித் தேதிக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

5

என் வயதைக் குறைக்க முடியாது. அப்படியென்றால் இன்னோர் ஆள் வேண்டும். மறுநாளிலிருந்து ஆள் பிடிக்கக் கிளம்பினேன். ஞாயிறு ஆராதனைக்கு வருகிற மலையாளிகள், பஞ்சாபிக் குடும்பங்கள், ரொட்டிக் கடைப் பையன், மாடி வீட்டு ருமேனியப் பெண் என்று முப்பத்தொரு பேரைக் கேட்டேன். ஷிப்டு இருக்கிறது என்றவர்கள் பதினாறு. சான்றிதழ் ஏற்கெனவே இருக்கிறது என்றவர்கள் ஒன்பது. சிரித்தவர்கள் ஆறு.

நமக்கு இது புதிய வேலையும் இல்லை. தொண்ணூற்றொன்றில் நம் மாவட்டத்தில் வீடு வீடாக எழுத்தறிவு இயக்கம் நடந்தது நினைவிருக்கும். நான் ஆம்பூரில் எங்கள் தெருவுக்குத் தொண்டர். தொழிற்சாலை விட்டு வந்ததும் வீட்டு முன்னறையில் பாய் விரித்து, தோல் ஷெட்டில் வேலை செய்த பெண்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தேன். என் மனைவி எஸ்தர் சிலேட்டுகளைத் துடைத்து வைப்பாள், எல்லோருக்கும் டீ போடுவாள். ஐந்து மாத முடிவில் இருபத்து மூன்று பேர் சொந்தமாகக் கடிதம் எழுதினார்கள். நான் அனுப்பிய அறிக்கையில் அந்த எண்ணை இரண்டு முறை அடிக்கோடிட்டேன். தொடங்கும் முன் எடுத்த கணக்கெடுப்பில் எஸ்தர் பெயருக்கு எதிரே, "ஐந்தாம் வகுப்பு, எழுதப் படிக்கத் தெரியும்" என்று நானே எழுதினேன். பெண் பார்க்கப் போனபோது மாமனார் சொன்னது அதுதான். கல்யாணம் நடந்து அப்போது பத்தொன்பது ஆண்டு ஆகியிருந்தது.

எஸ்தருக்கு இப்போது ஐம்பத்தெட்டு. பேரணாம்பட்டில் பீடி சுற்றும் குடும்பத்தில் பிறந்தவள். இங்கே வந்து பன்னிரண்டு ஆண்டு ஆகிறது. கடையில் பொருளைக் கையால் காட்டி வாங்குவாள். டாக்டரிடம் நான் பேசுவேன். மகன் டேனியல் இங்கே பள்ளியில் படித்தபோது பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு நாள்கூட வந்ததில்லை, தலைவலி என்று படுத்துக்கொள்வாள். அவன் இப்போது மிலானில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். ஐந்து வருஷம் முன்பு சராசரி பதினோரு நிமிஷம் பேசினோம், இப்போது நாலு. அதிலும் தமிழ் பாதி. இவளோ மீதிப் பாதி இத்தாலியப் பேச்சைப் புரிந்துகொள்ள முடியாமல் போனை என்னிடம் நீட்டிவிடுவாள்.

முப்பத்தோராவது ஆளும் கைவிரித்த அன்று, வகுப்பு இருந்தால் நீயும் வரலாமே என்று எஸ்தரிடம் கேட்டேன். புதிதாகக் கேட்கவில்லை. போன ஆண்டும் நாலு தடவை கேட்டிருக்கிறேன். ஐந்தாவது தடவையும் அதே பதில்.

"எனுக்கு இன்னாத்துக்கு? நீங்க போய்ட்டு வாங்க."

சேர்வதற்கு ஒரு தாள் எழுதினால் போதும், கடைசியாகப் படித்த பள்ளி, வகுப்பு, அவ்வளவுதான் என்றேன். அவள் முகம் மாறியது. அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போனாள். அடுப்பில் எதுவும் இல்லை.

6

பதினெட்டாம் தேதி, வியாழக்கிழமை காலை. சமையலறை மேசையில் எஸ்தர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். முன்தினம் குவாமே, சரி பாப்பா, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனது எனக்கு மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. கவலையை மறக்க அலுவலகத்தில் நடந்ததை அவளுக்குச் சொல்லிக்காட்டினேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்மணி, பக்கத்துக்காரர், கிழவர் என்று ஒவ்வொருவர் போலவும் காதைத் தொட்டு நடித்தேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எனுக்கு எட்டல" என்றாள்.

"இன்னா எட்டல?"

"காது."

எனக்குப் புரிய நேரம் ஆயிற்று. அவள் பீன்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு ஐந்து முடிந்த வருஷம் அவள் அப்பா பேரணாம்பட்டு பள்ளிக்கு அழைத்துப் போனாராம். கை குட்டை. எட்டவில்லை. அடுத்த வருஷம் வா என்று அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு வருஷம் வீட்டில் சும்மா இருக்க வேண்டாமே என்று பீடி இலை வெட்டக் கற்றுக்கொடுத்தார்கள். குட்டைக் கைக்கு அந்த வேலை நன்றாக வந்தது. அடுத்த வருஷம் யாரும் பள்ளிக்கூடம் என்று பேச்செடுக்கவில்லை. ஒன்பது வயதில் ஒரு நாளைக்கு இருபது கட்டு, கட்டுக்கு இருபத்தைந்து பீடி.

"அப்போ அஞ்சாவதுன்னு சொன்னது?"

"எங்கப்பா சொன்னாரு. நான் சொல்லல. நீங்களும் என்னைக் கேக்கல."

பைபிள் வாசிக்கிறாயே என்றேன். அது ஞாயிறு பள்ளியில் கற்றது, வாசிக்க மட்டும் தெரியும், எழுத வராது என்றாள். ஆனால் எழுதுகிறாளே, மளிகைச் சீட்டு எல்லாம் அவள் கையெழுத்துதானே என்று நான் கேட்க வாய் திறந்தேன். அப்படியே நிறுத்திக்கொண்டேன். கல்யாணமான புதிதில் மளிகைச் சீட்டை அவள் சொல்ல, நான்தான் எழுதுவேன். எந்த வருஷம் அது மாறியது என்று என் தலைக்குள் கணக்குப் போட்டேன். எஸ்தர் எனக்கு முன்பே விடையைச் சொன்னாள்.

"அறிக்கைல இருவத்தி மூணுன்னு எழுதினீங்க இல்ல? ரெண்டு கோடு போட்டு? தப்பு. இருவத்தி நாலு."

சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று, துடைத்து வைக்கும் முன் ஒவ்வொரு சிலேட்டிலும் இருந்ததைத் தரையில் விரலால் எழுதிப் பழகினாளாம். ஐந்து மாதம். நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. தோலில் ஒரு மயிரிழை கீறலைக் கட்டை விரலால் கண்டுபிடிப்பவன் நான்.

மேசைமேல் அந்த நாற்பத்து மூன்று பக்கப் புத்தகம் கிடந்தது. நான்காவது செய்தி இருந்த பக்கத்தைத் திறந்து வாசித்து, தமிழில் சொன்னேன்: பள்ளிக்கு வெளியே, வீட்டில், வேலையில், யாரும் பார்க்காத இடத்தில் கற்றதும் கல்விதான், அதைக் கண்டுபிடித்து மதிக்க வேண்டும். யாரும் பார்க்காத இடத்தில் என்பது அதில் இல்லை. நான் சேர்த்துச் சொன்னேன்.

எஸ்தர் கத்தியை எடுத்து மீதிப் பீன்ஸை நறுக்க ஆரம்பித்தாள்.

"அந்தத் தாள்ல ஒண்ணும் படிக்கலன்னு எழுதினா, உங்களுக்கு அவமானம் இல்லையா?"

என் தாளிலும் பதினான்கு வருஷமாகக் கோடுதான் போட்டிருக்கிறது என்றேன். அதற்குத்தான் சிரித்தாள்.

7

வெள்ளிக்கிழமை நாலே முக்காலுக்குக் கிளம்பினோம். என் ஐந்நூற்று நாற்பது காலடி எஸ்தருக்கு எழுநூற்றுப் பன்னிரண்டு. பள்ளி வாசலில் கொஞ்சம் நின்றாள். சேலை மேல் போட்டிருந்த கம்பளிச் சட்டையின் பொத்தானைப் பூட்டினாள், கழற்றினாள், மறுபடியும் பூட்டினாள். உள்ளே போகும்போது என் கையைப் பிடிக்கவில்லை.

லுச்சியா பதிவுத் தாளை எடுத்து வைத்தாள். பெயர், பிறந்த நாடு, வயது. ஐம்பத்தெட்டு என்றதும் வகுப்பே தலை நிமிர்ந்து பார்த்தது. குவாமே நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான். கடைசியாகப் படித்த பள்ளி என்ற கட்டம் வந்தது. லுச்சியா என்னைப் பார்த்தாள். நான் பேச வாய் எடுத்தேன். எஸ்தர் என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினாள். பன்னிரண்டு ஆண்டில் அவள் ஓர் இத்தாலியரிடம் நேராகப் பேசி நான் கேட்டதில்லை. முந்தின நாள் முழுக்க என்னைச் சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்த ஒரே வாக்கியத்தைச் சொன்னாள்: நான் பள்ளிக்கூடம் போனதில்லை, இப்போது வந்திருக்கிறேன்.

லுச்சியா அந்தக் கட்டத்தில் கோடு போடவில்லை. "வீட்டில்" என்று எழுதி, அப்படி எழுதலாமா என்று என்னைத் தாண்டி எஸ்தரிடம் கேட்டாள். எஸ்தர் தலையாட்டினாள். கையெழுத்துப் போடும் இடத்தில் தமிழில், பெரிய எழுத்தில், எஸ்தர் சாமுவேல் என்று எழுதினாள். அந்த நாளில் சிலேட்டுகளில் நான் எழுதிப் போட்ட எழுத்தின் அதே சாயல்.

பதினைந்து என்று லுச்சியா உரக்கச் சொன்னாள். கைதட்டினார்கள். குவாமே மேசையைத் தட்டினான். என்னைக் கடைசி வரிசைக்குப் போகச் சொல்லிவிட்டு, என் நாற்காலியை எஸ்தருக்கு இழுத்துப் போட்டான். நான் போனேன். கணக்கில் இல்லாதவனுக்குக் கடைசி வரிசை போதும். அங்கிருந்து எல்லோரையும் நன்றாக எண்ணலாம்.

எஸ்தர் உடனே உட்காரவில்லை. திரும்பி, அத்தனை நாற்காலிகளையும் தாண்டி என்னைப் பார்த்தாள். மூன்று வருஷமாக அவளுக்கு வலது தோளில் வலி, அலமாரியின் மேல்தட்டுக்குக் கை போகாது. அந்தக் கையை மெதுவாகத் தூக்கினாள். தலைக்கு மேலே கொண்டுபோனாள். முகம் சுருங்கியது, ஆனாலும் கையை இறக்கவில்லை. வகுப்பு என்னவென்று புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

இடக் காதைத் தொட்டாள். தலையைச் சாய்க்காமல் தொட்டாள்.